சத்தம் உண்டு

கொடியில் காய்ந்த சட்டை, கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டை, நாற்காலியில் கழற்றிப் போட்ட சட்டை என்று அப்பாவின் சட்டைப் பைகளை அத்தை மூன்றாவது தடவையாகத் துழாவிக்கொண்டிருந்தாள். ஒன்றில் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி இருந்தது. இன்னொன்றில் டயரில் காற்று அளக்கும் பேனா போன்ற கருவி. கார் சாவி மட்டும் எதிலும் இல்லை.

"இருந்தப்பவும் அந்தச் சாவிய ஒருத்தர் கையில குடுக்க மாட்டான். இப்பவும் குடுக்க மாட்டேங்கறானே எங்கண்ணன்," என்றாள். சொன்னவள் கையிலிருந்த சட்டையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள்.

வாசலில் வேன் வந்து பத்து நிமிடமாகிவிட்டது. கேட்டுக்கும் படிக்கும் நடுவே அந்த ஏழு சீட்டு வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பக்கவாட்டில் ஒரு ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு போகலாம். நான்கு பேர் சேர்ந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வேன் டிரைவர் இரண்டு கைகளையும் விரித்து அகலத்தை அளந்து பார்த்தார்.

"ஸ்ட்ரெச்சர் திரும்பாதுங்க. வண்டிய எடுத்தாத்தான் ஆச்சு."

தகன நிலையத்தில் இரண்டரை மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அப்போதே மணி ஒன்றேகால்.

காலையில்தான் விமானத்திலிருந்து இறங்கி வந்திருந்த அண்ணன், கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து தங்கையைப் பார்த்தான். அவள் அப்பாவின் கால்மாட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து தன் அறைக்குப் போனாள். பரிசோதனைக்கூடத்துக்கு எடுத்துப் போகும் கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்தாள். மூன்று வாரமாக அந்தச் சாவி அவளோடு தினமும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

"என்கிட்ட இருக்கு அத்தை."

"உன்கிட்ட எப்படிடி வந்துச்சு?"

அண்ணன் முந்திக்கொண்டான். "நாங்கதான் வாங்கி வச்சோம் அத்தை. அந்தச் சத்தம் கேக்குது, கேக்குதுன்னு அவரு…"

அத்தைக்கு அது போதுமாயிருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "நல்ல காரியம் பண்ணீங்க. நேத்து நடந்தது ரோட்டுல நடந்திருந்தா? ஸ்டியரிங்கப் புடிச்சபடியே போயிருந்தா? எதிர்ல வர்றவன் என்ன பாவம் பண்ணான்? படிச்ச பொண்ணுன்னா இப்படி இருக்கணும்," என்றாள்.

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் "கரெக்ட்" என்றார். தங்கை சாவியை அண்ணனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. "எனக்கு இந்த கிளட்ச் வராது. நீயே எடு," என்றான்.

அவள் ஏறிச் சாவியைத் திருகினாள். ஒரு முனகல்கூட இல்லை. மூன்று வாரம் சும்மா நின்றதில் பேட்டரி செத்துப்போயிருந்தது.

*

அந்த வண்டிக்கு வீட்டில் 'பெரியவன்' என்று பெயர். பதினோரு வருடத்துக்கு முன் அதை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்திய அன்று அப்பா வைத்தது. பெரியவன் வந்ததால் அண்ணன் நடுவன் ஆனான், அவள் கடைக்குட்டியாகவே இருந்தாள். "எனக்கு இருபத்திரண்டு வயசு, அவனுக்கு இன்னிக்குத்தான் பொறந்த நாளு. அவன் எப்படிப்பா பெரியவன்?" என்று அண்ணன் சண்டைக்குப் போனான். "சைஸப் பாருடா," என்றார் அப்பா.

பெரியவன் அப்படி ஒன்றும் ஒழுங்கான பிள்ளை இல்லை. இரண்டாம் வருடமே கிளட்ச் போனது. மூன்றாம் வருடம் ஏசி கம்ப்ரசர். கூரைக் கண்ணாடி வழியாக மழை ஒழுகியது. நடுவரிசையில் உட்கார்ந்தவர்கள் ஒரு முறை காருக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார்கள். நடுவரிசை இடது ஜன்னல் இறங்கினால் ஏறாது, ஏறினால் இறங்காது. எஞ்சின் விளக்கு காரணமே இல்லாமல் எரியும், அதைப்போலவே அணையும். சொந்தக்காரர்கள் எல்லோரும், "வித்துத் தலைமுழுகுங்க," என்றார்கள். அப்பா கேட்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் எடை, அளவு ஆய்வாளராக இருந்தவர் அவர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்தவர். ஒரு பொருள் தப்புப் பண்ணினால் அது எங்கே, எப்போது, எவ்வளவு தப்புகிறது என்று கண்டுபிடிக்காமல் அதைத் தூக்கிப் போடுவது அவர் அகராதியில் இல்லை. "பொய் சொல்ற தராசும் ஒரே மாதிரிதான் பொய் சொல்லும். அத மட்டும் புடிச்சிட்டாப் போதும்," என்பார்.

அதே வண்டியை வைத்திருப்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர் சேர்ந்து நடத்திய குழு ஒன்று அப்பாவின் போனில் இருந்தது. யாருக்கு எது பழுதானாலும் அதில் எழுதுவார்கள். அப்பா ஓய்வு பெற்றதும் அதற்குள் குடியேறிவிட்டார். ஒழுகும் கூரைக் கண்ணாடியின் வடிகால் குழாயைச் சைக்கிள் பிரேக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யலாம் என்று கண்டுபிடித்து எழுதியவர் அவர்தான். பெயர் தெரியாத ஊர்களில் நூற்றுக்கணக்கான பெரியவன்கள் அதன்பிறகு ஒழுகவில்லை.

பிறகு ஒருநாள் அந்தச் சத்தம் வந்தது.

*

மெக்கானிக்கை யாரும் கூப்பிடவில்லை. செய்தி கேட்டு அவராகவே வந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார், நகக்கண்ணில் மட்டும் கறுப்பு. உள்ளே போய் அப்பாவின் தலைமாட்டில் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அம்மா நிமிர்ந்து பார்த்து, "உங்க கஸ்டமர் போயிட்டாரு," என்றாள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பெரியவனின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வேன் டிரைவரிடம் திரும்பினார். "அண்ணே, உங்க வண்டிய மூக்கோட மூக்கு வச்சு நிறுத்துங்க. உங்க பேட்டரியிலேர்ந்துதான் கொஞ்சம் எடுக்கணும்."

அப்பாவை ஏற்றிப் போக வந்த வேன், கேட்டுக்கு வெளியிலிருந்து முகத்தை உள்ளே நீட்டியது. சிவப்பும் கறுப்புமான இரண்டு வயர்களை மெக்கானிக் இரண்டுக்கும் நடுவே மாட்டினார். "அடிங்கம்மா" என்றார். அவள் சாவியைத் திருகினாள். பெரியவன் இருமினான், இன்னொரு தடவை இருமினான், பிறகு எழுந்துவிட்டான். கூடத்திலிருந்து அம்மா சட்டென்று வாசலை எட்டிப் பார்த்தாள். பதினோரு வருடம் அந்தச் சத்தத்துக்கு எட்டிப் பார்த்துப் பழகியவள்.

வயரைச் சுருட்டிக்கொண்டே மெக்கானிக் ஜன்னலோரம் வந்தார்.

"அந்தச் சத்தத்துக்காகப் பதினோரு தடவம்மா. நானே பக்கத்துல உக்காந்து கூடப் போயிருக்கேன். ஒரு தடவகூட எனக்குக் கேக்கல. 'உன்னக் கண்டா அது பயந்து வாய மூடிக்குதுய்யா'ம்பாரு. அவரு திருப்திக்கு முன் சக்கரத்து ரப்பர் புஷ்ஷு பூராவும் மாத்திக் குடுத்தேன். அடுத்த வாரமே வந்து நிப்பாரு, சிரிச்சிக்கிட்டே. 'மறுபடி வந்துட்டேன்யா' அப்படின்னு."

"நிஜமாவே ஒண்ணும் இல்லையாண்ணா?"

"முப்பது வருஷமா காதை வச்சுத்தாம்மா பொழைக்கிறேன். இருந்தா எனக்குக் கேக்காதா?"

அவள் தலையசைத்தாள். அந்தப் பதில்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. இன்னொரு முறை சொல்ல மாட்டாரா என்றுகூட இருந்தது.

*

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு சோதனை நடத்தினாள்.

அதற்குள் வீட்டில் பேச்சு வளர்ந்திருந்தது. அப்பா மெதுவாக ஓட்டுகிறார், நடுரோட்டில் காதைத் தீட்டிக்கொண்டு ஊர்கிறார், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி முந்திப் போ, முந்திப் போ என்று காட்டுகிறார். பக்கத்து வீட்டுக்காரர், "சார் ரிட்டையர் ஆனதும் டிராஃபிக் போலீஸ்ல சேந்துட்டாரா?" என்று கேட்டார். குழுவிலும் அவருக்குக் 'கடகடா சார்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அண்ணன் தொலைபேசியில், "இல்லாத சத்தம் கேக்கறதெல்லாம் ஆரம்பம்டி. நெட்ல பாரு," என்றான். அவள் பார்த்தாள். பார்த்தால் எல்லாம் பொருந்துகிற மாதிரிதான் இருந்தது.

குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவள். வாயால் சண்டை போட அவளுக்கு வராது. "அப்பா, முறையா ஒரு டெஸ்ட் பண்ணிடலாம்," என்றாள். அதே சாலை, அதே நேரம், அதே வேகம். ஜன்னல்களை மூடினாள், ஏசியை நிறுத்தினாள். டாஷ்போர்டுப் பெட்டியில் கிடந்த சில்லறை, பேனா, டார்ச் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தாள். ஓட்டுகிறவருக்குக் கவனம் சிதறும் என்பதால் தானே ஓட்டினாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காதை மட்டும் வேலை வாங்கினால் போதும்.

அப்பாவுக்கு அந்த முறை பிடித்திருந்தது. "இப்பத்தான் ஒரு ஆள் ஒழுங்கா கேக்குது," என்று மடியில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முப்பத்தைந்தில் போனார்கள். நாற்பதில் போனார்கள். திரும்பி வந்தார்கள். மறுபடியும் போனார்கள். நான்காவது நடையில் அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார்.

"கேக்குதாப்பா?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

அவர் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்கு இல்ல," என்றார்.

அவள் அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். "அப்பா, சத்தம் வண்டியில இல்லப்பா," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அப்பா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். கோபமில்லை. கடையில் யாராவது கல்லைத் தராசில் வைத்தால் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பாரே, அந்த மாதிரி ஒரு பார்வை.

வீட்டுக்கு வந்ததும் அவராகவே சாவியை அவள் கையில் வைத்தார். "நீயே வச்சுக்கம்மா. எனக்கு இனிமே என் காதுமேல நம்பிக்கை இல்ல." ஞாபகசக்தி மருத்துவரிடம் போகவும் ஒப்புக்கொண்டார். வருகிற வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தாள். அங்கே கடிகாரம் வரையச் சொல்வார்கள் என்று எங்கேயோ படித்திருக்கிறார். மேசை மேல் ஒரு நோட்டு நிறைய வட்ட வட்டமாகக் கடிகாரங்கள். எல்லாம் பதினொன்று பத்து காட்டின. ஒன்றில்கூட முள் பிசகவில்லை.

நேற்றுக் காலை நடைப்பயிற்சிக்குக் கிளம்பி, ஒரு ஷூவை மாட்டி நாடாவும் கட்டிவிட்டார். மற்றது கையில் இருந்தது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "இதயம். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது," என்றார்.

*

வேனில் அப்பாவோடு அண்ணன் ஏறிக்கொண்டான். அம்மா, "நான் பெரியவன்ல வர்றேன்," என்றாள்.

"முட்டி மடங்காதே அண்ணி, எப்படி ஏறுவே?" என்றாள் அத்தை.

"பின்னால ஸ்டூல் இருக்கும்."

இருந்தது. பிளாஸ்டிக் ஸ்டூல், நான்கு காலுக்கும் அப்பா ரப்பர் ஒட்டியிருந்தார். முட்டிவலி வந்த புதிதில் அம்மாவுக்காக வாங்கியது. அதையும் மீறி வலித்ததால் அம்மா வண்டியில் ஏறுவதையே விட்டுவிட்டாள். அண்ணன் வெளிநாட்டில். அவளுக்கு வேலைக்குப் போக அலுவலகப் பேருந்து. ஏழு சீட்டு வண்டியில் அப்பா மட்டும்தான் காய் வாங்கப் போவார், பல் டாக்டரிடம் போவார், சும்மாவும் ஒரு சுற்றுப் போய் வருவார்.

ஸ்டூலில் ஏறி, அவள் தோளைப் பிடித்து, அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்தாள். "ரெண்டு வருஷமாச்சு," என்றாள். அத்தை பின்னால் உட்கார்ந்தாள்.

வேன் மெதுவாகப் போனது. அவளும் அதன் பின்னாலேயே போனாள். முள் முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே நின்றது. அத்தை எதையோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா திரும்பாமலே கையை உயர்த்தி அவளை அடக்கினாள். பிறகு குனிந்து ஏசியை நிறுத்தினாள். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். இரண்டு சிக்னல், ஒரு மேம்பாலம், பள்ளம் விழுந்த மார்க்கெட் சாலை. எங்கேயும் எதுவும் இல்லை. டயர் உருளும் சத்தம் மட்டும்.

"உனக்குக் கேக்குதா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

"எனக்கும் கேக்கல."

அம்மா கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "ஒரு தடவயாச்சும் 'ஆமா கேக்குது'ன்னு பொய் சொல்லியிருக்கலாம் நான்," என்றாள்.

*

தகன நிலையத்தில் எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்தது. எஃகுக் கதவு, ஒரு பொத்தான், ஒரு கையெழுத்து. சாம்பலை ஐந்து மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளலாம், ஆறு மணிக்குப் பூட்டிவிடுவோம் என்றார் அலுவலகத்தில் இருந்தவர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவள் கையில் அப்பாவின் போன் அதிர்ந்தது. காலையிலிருந்து அது அவளிடம்தான் இருந்தது. குழுவில் யாரோ கேட்டிருந்தார்கள்.

'கடகடா சார், மூணு வாரமா உங்க ரிப்போர்ட் காணோமே? சத்தம் நின்னுடுச்சா?'

கீழே ஒருவர் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார். இன்னொருவர், 'சாரை விடுங்கப்பா, அவர் சொன்ன பிரேக் கம்பி வைத்தியம்தான் என் வண்டியைக் காப்பாத்துச்சு,' என்று எழுதியிருந்தார்.

அவள் மேலே தள்ளித் தள்ளி அப்பாவின் பழைய பதிவுகளைப் படித்தாள். இருபத்திரண்டு மாதங்கள். எல்லாம் ஒரே அச்சு.

'காலை 9.40. வேகம் 35 முதல் 40 வரை மட்டும். சாலை: தார், சிறு மேடு பள்ளம். வெயில். ஜன்னல்கள் மூடியவை. ஏசி, ரேடியோ நிறுத்தம். டயர் காற்று நான்கிலும் சரி. டீசல் அரை டாங்கி. சத்தம் உண்டு.'

'மாலை 5.15. மழை. டீசல் கால் டாங்கி. பின் இருக்கைகள் மடக்கியவை. மற்றவை மேற்படி. சத்தம் உண்டு.'

ஒன்றில் மட்டும் கூடுதலாக ஒரு வரி இருந்தது. 'சத்தம் எப்படி என்று நண்பர்கள் கேட்கிறீர்கள். கதவுக்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டு, வீட்டில் ஆள் தூங்குகிறார்களோ என்று தயங்கி, விரல் மூட்டால் மெல்லத் தட்டுவது போல.'

"குரூப்ல சொல்லிடேன்," என்றான் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அண்ணன். அவள் எழுத ஆரம்பித்தாள். 'என் அப்பா' வரைக்கும் எழுதிவிட்டு அழித்தாள்.

"நாம பண்ணது சரிதானேடி?" என்றான் அவன். காலில் கிடந்த கல் ஒன்றை ஷூ முனையால் உருட்டிக்கொண்டே கேட்டான்.

"டெஸ்ட் பண்ணிப் பாத்தேனே," என்றாள் அவள்.

*

எல்லோரையும் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். அம்மா படுத்துக்கொண்டாள். ஐந்து மணி ஆனதும் அண்ணன், "நானும் வரட்டுமா?" என்றான். கண்கள் சிவந்து, நின்றபடியே தூங்கிவிடுவான் போலிருந்தான். "வேணாம். அம்மாகூட இரு," என்று சொல்லிவிட்டு அவள் மட்டும் கிளம்பினாள்.

தெருமுனை திரும்பியதும் வெயில் நேராக முகத்தில் அடித்தது. அப்பாவின் கறுப்புக் கண்ணாடி மேலே செருகியிருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். மார்க்கெட் சாலைக்குள் நுழைந்தாள்.

டக்.

முதலில் அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை.

டக்டக்.

யாரோ வெளியே நின்று தட்டுகிற மாதிரி. தயங்கித் தயங்கி.

அவள் காலை எடுத்தாள். வண்டி முப்பதுக்கு இறங்கியது, சத்தம் நின்றுவிட்டது. மறுபடி மிதித்தாள். முப்பத்தைந்து. டக்… டக்டக். நாற்பத்திரண்டு போனாள், இல்லை. முப்பத்தெட்டுக்கு வந்தாள், வந்துவிட்டது. சத்தம் இடப்பக்கமிருந்து வந்தது. கதவிலிருந்து இல்லை, இன்னும் கிட்டத்திலிருந்து. அவள் இடது கையை கியரிலிருந்து எடுத்துப் பக்கத்து இருக்கையின் மேல் வைத்தாள். பஞ்சுக்கு அடியில் ஏதோ ஒன்று விரலுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துடித்தது. பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள். நின்றது. கையை எடுத்தாள். டக்.

சாலையோரமாக நிறுத்திவிட்டு மறுபக்கம் போய்க் கதவைத் திறந்து, மண்டியிட்டு, அப்பாவின் போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் இரும்புப் பாதையில், அதைப் பூட்டிப் பிடிக்கும் கொக்கி நெல்லளவு தேய்ந்திருந்தது. ஆள் உட்கார்ந்தால் கனத்தில் அது அழுந்திக் கிடக்கும். ஆள் இல்லாவிட்டால் ஆடும்.

கதவைத் திறந்து வைத்தபடியே அவள் அங்கே குந்தியிருந்தாள். பதினோரு தடவை மெக்கானிக் இதன்மேல்தான் உட்கார்ந்தார். மதியம் அம்மா இதன்மேல்தான் உட்கார்ந்து கேட்டாள். கவனம் சிதறக் கூடாது என்று அப்பாவை அவளே இதன்மேல் உட்கார வைத்தாள். டீசலையும் மழையையும் டயரின் காற்றையும் ஒன்று விடாமல் எழுதியவர், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு நாளும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? எல்லா நாளும் ஒன்றுதான்.

ஒரு ஆள் ஸ்கூட்டரை நிறுத்தி, "என்னம்மா, பிரேக் டவுனா?" என்றார்.

"இல்லைங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

*

தகன நிலையத்தில் அவளுக்காகவே திறந்து வைத்திருந்தார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு, மூடி போட்ட ஒரு மண்நிறக் குடுவையைக் கொடுத்தார் அலுவலகத்தில் இருந்தவர். இரண்டு கையாலும் வாங்கினாள். மூன்று கிலோ இருக்கும். அப்பாவாக இருந்தால் கையில் வாங்கியதுமே கிராமோடு சொல்லியிருப்பார்.

வண்டியில் உட்கார்ந்து அப்பாவின் போனை எடுத்தாள். அந்தக் கேள்வி இன்னும் அங்கேயே இருந்தது. 'சத்தம் நின்னுடுச்சா?' அவள் அதன் கீழே எழுதினாள்.

'மாலை 5.35. வேகம் 35 முதல் 40. பக்கத்து இருக்கை காலி. மற்றவை மேற்படி. சத்தம் உண்டு.'

அனுப்பிவிட்டுப் போனைக் கைப்பைக்குள் போட்டாள். உடனே அது இரண்டு முறை அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. குடுவையைப் பக்கத்து இருக்கையில் வைத்து, உருளாமல் இருக்கச் சீட் பெல்ட்டைக் குறுக்கே மாட்டினாள்.

கேட்டைத் தாண்டிச் சாலைக்கு வந்தாள். இரண்டாவது கியர், மூன்றாவது கியர். முப்பத்தைந்தில் காதைக் கொடுத்தாள்.

டக்… டக்டக்.

அந்தக் கனம் போதவில்லை.

வேலை விட்டுத் திரும்புகிறவர்களின் நேரம் அது. அவள் ஊர்ந்ததில் அவளுக்கு முன்னால் மட்டும் சாலை அகலமாக, காலியாகக் கிடந்தது. அறுபதில் போகலாம். அவள் முள்ளை முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவிலேயே வைத்திருந்தாள். ஏசியை நிறுத்தினாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். கண்ணாடியில் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது தெரிந்தது.

அவள் ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டி, முந்திப் போகச் சொல்லிக் காட்டினாள்.